முப்பதும் பிடித்த பிள்ளை

ஒரு பிளாஸ்டிக் கதிரையின் கால் ஒடிந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. கதிரை ஒடிந்தால் கதிரைக்காரன் கவலைப்பட வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில், சனம் நிறைந்த பந்தலுக்குள் அது ஒடிந்தபோது அதில் இருந்தவள் ஹுஸ்னியா. பதினைந்து வயதுப் பிள்ளை. திருகோணமலைத் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கண்டிக்கு அனுப்பும் கலீலுர் றஹ்மானின் மூத்த மகள்.

நியாயத்தைச் சொல்லிவிடுவோம். கதிரை வாடகைக்கு விடும் ஆதம்பாவா அதை எத்தனையோ வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருந்தவர். அப்பளம் மாதிரிப் பொரிந்துபோன கதிரை, ஒரு கோழி ஏறி நின்றிருந்தாலும் அன்றைக்கு ஒடிந்திருக்கும். ஹுஸ்னியாவோ வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விழுந்தவளைத் தூக்க ஓடிவந்த வாப்பாவின் தங்கை பரீதா, தூக்கிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். "கதிரைக்கும் ரோசம் இருக்குத்தானே புள்ள, எவ்வளவத்தான் அதுவும் தாங்கும்?" என்று ஒரு வார்த்தை விட்டாள். பந்தலே சிரித்தது. பரீதா மாமி கெட்ட மனுசி இல்லை, புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிடும், அவ்வளவுதான்.

சிரித்தவர்கள் சாப்பாடு வந்ததும் அதை மறந்துபோனார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் சாப்பாடு. ஹுஸ்னியாவும் இருந்தாள். கையை வைத்தாள். மற்ற ஐந்து பேரும் சோற்றைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டாள். "வயித்துக்குச் சரியில்ல" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் பொய்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஹுஸ்னியாவுக்கு இருக்கிற இடமெல்லாம் ஒடியப்போகிற கதிரையாகிவிட்டது. பள்ளிக்கூட வாங்கில் பாதித் தொடையை வைத்து இருந்தாள். முச்சக்கரவண்டியில் ஏறும்போது வண்டி கொஞ்சம் சாய்ந்தால் இறங்கிவிடப் பார்த்தாள். பயம் வந்தால் பயம் மட்டும்தான் வரவேண்டும். அவளுக்கு அதோடு வெட்கமும் சேர்ந்து வந்தது. வெட்கம் சேர்ந்த பயத்தை வெளியில் சொல்ல முடியாது.

உட்துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. வளவில் மீன் கொட்டில். அதில் ஐஸ் பெட்டிகளும், சூரையையும் பாரையையும் நிறுக்கிற பெரிய தராசும் இருந்தன. வாப்பா விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டுப் படகு வரும் இடத்துக்குப் போனதும் ஹுஸ்னியா கொட்டிலுக்குள் போய்த் தட்டில் ஏறி நிற்பாள். செதிளும் உப்புத் தண்ணீரும் காலில் ஒட்டும். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாள். பிறகு பயந்து பயந்து கண்ணைத் திறந்து இலக்கத்தைப் பார்ப்பாள்.

இலக்கம் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அறைக்குள் வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால், அங்கே அதே கன்னம், அதே கை, பந்தலில் விழுந்து கிடந்த அதே பொதி. தராசு ஒன்று சொன்னது, கண்ணாடி இன்னொன்று சொன்னது. விசர்ப் பிள்ளை கண்ணாடியை நம்பினாள். "இவ்வளவு தடிப்பு, இவ்வளவு தடிப்பு" என்று முணுமுணுத்து அழுவாள். அதே அறையில் படுக்கிற ஒன்பது வயதுத் தங்கை றுஷ்தா நித்திரை என்றுதான் இவள் நினைத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் நோன்பு மாதம் வந்தது. மற்றப் பிள்ளைகள் தாகத்தை நினைத்துப் பெருமூச்சு விட, இவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். "ஏன் சாப்பிடல்ல?" என்று பகல் முழுக்க ஒருவரும் கேட்காத மாதம் வேறு எங்கே கிடைக்கும்? விடியுமுன் உண்ணும் சஹருக்கு எழும்பி ஒரு பேரீச்சம்பழத்தோடு படுத்தாள். நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனாள். வளவுப் பூனைகள் அந்த வருடம் கொழுத்துப் போயின.

முப்பது நோன்பும் பிடித்தாள். ஒன்றுகூட விடவில்லை.

உம்மா நஜ்முன் நிஸாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ட மகள் முப்பதும் பிடிச்சிட்டா" என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னாள், கிண்ணியாவுக்குத் தொலைபேசியிலும் சொன்னாள். பெருநாளுக்குப் பரீதா மாமி அபாயாத் துணி வாங்கி வந்து, "பொம்புளப் புள்ளையெண்டா இப்பிடி இருக்கோணும்" என்று நெற்றியில் முத்தமிட்டாள். அங்கேதான் அத்தனை பேரும் கோட்டை விட்டார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை முப்பதும் பிடிக்க முடியாது. மாதத்தில் அந்த நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை, விட்டதைப் பிறகு கழாவாகப் பிடிக்க வேண்டும். உம்மாவுக்கே அந்த முறை ஏழு நோன்பு விட்டுப்போயிருந்தது. இந்தக் கணக்கு அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? தெரியும். பெருமை வந்து கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தால், தெரிந்த கணக்கும் மறந்துபோகும்.

ஹுஸ்னியாவுக்கு மட்டும் மறக்கவில்லை. நோன்புக்கு முந்திய மாதமே அவளுக்கு அது நின்றுவிட்டது. அடுத்த மாதமும் வரவில்லை. உடம்புக்குள் ஏதோ செத்துப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற நாட்களில் அவளுக்கு விரல் நுனி குளிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும், பக்கத்தில் நிற்பவளின் தோளைப் பிடித்துக்கொள்வாள். உம்மா கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தாள். உம்மா கேட்கவேயில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. முசல்லாவில், அந்தத் தொழுகை விரிப்பில், நெற்றியை வைக்கும்போது அந்தப் பயம் வரும். உன் நிய்யத்து என்ன, எந்த எண்ணத்தில் பிடித்தாய் என்று அல்லாஹ் கேட்டால் என்ன சொல்வது? உனக்காகப் பசித்திருந்தேன் என்றா, கதிரைக்காகப் பசித்திருந்தேன் என்றா? ஊரை ஏமாற்றலாம், உம்மாவை ஏமாற்றலாம். இந்த ஏமாற்றுக்கு என்ன தண்டனை என்று யாரிடம் கேட்பது?

ஆனாலும் விட முடியவில்லை. பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு பிடித்தாள். அது முடிய, திங்களும் வியாழனும், கடமையில்லாவிட்டாலும் நன்மை தரும் சுன்னத்து நோன்பு என்றாள். இடையில் உள்ள நாட்களில் படிப்பென்றும் தலையிடி என்றும் தட்டிக் கழித்தாள். சாதாரணதரப் பரீட்சை எடுக்கிற பிள்ளை, படிக்கிறாள், தொழுகிறாள், நோன்பு பிடிக்கிறாள். ஒரு தாய் இதில் எங்கே குற்றம் கண்டுபிடிப்பாள்?

அப்படி ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு, வெயிலில் கால் பின்ன வீட்டுக்கு வந்தவள் குசினியில் பரீதா மாமியின் குரலைக் கேட்டாள். தேங்காய்ப் பால் கொதிக்கிற மணம். வட்டிலப்பம் அவிகிறது. அந்த மணத்துக்கு வயிறு இழுத்தது, வயிறு இழுத்ததற்குப் பயம் வந்தது.

"மகள், தெரியுமா?" உம்மாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. "தங்கச்சியும் இண்டைக்கு நோம்பு! உனக்குச் சொல்ல வேணாமாம், ராத்தா வந்து பாத்து அசரோணுமாம்."

ராத்தா என்றுதான் றுஷ்தா அக்காவைக் கூப்பிடுவாள்.

"அவளா? இந்த வெயிலுக்கா?"

"உன்னப் பாத்துத்தானே படிக்கிறாள்," என்றாள் மாமி. "மூத்தது நல்லா நடந்தா இளையது தானா நடக்கும். அதான் வட்டிலப்பம் அவிக்கிறம். பக்கத்து வீட்டுப் புள்ளையளையும் நோம்பு திறக்கக் கூப்பிட்டிருக்கு."

ஹுஸ்னியா புத்தகப் பையை இறக்கிவைத்தாள். "றுஷ்தா எங்க?"

"வளவுக்குள்ளதான் நிண்டாள்."

வளவில் இல்லை. ஹுஸ்னியா கொட்டில் கதவைத் தள்ளினாள். உள்ளே, மீன் நிறுக்கிற தராசுத் தட்டில் றுஷ்தா நின்றாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. சின்ன வயிறு முதுகோடு ஒட்ட மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"இஞ்ச என்ன செய்யிற நீ?"

றுஷ்தா கண்ணைத் திறக்கவில்லை. பல்லிடுக்கால் சொன்னாள்: "கதைக்காதீங்க ராத்தா. மூச்சு விட்டா நிறை கூடும்."

"ஆர் சொன்ன உனக்கு?"

"நீங்கதானே இப்பிடி நிக்கிற. பலகைச் சந்துக்கால நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற."

ஹுஸ்னியா தங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிடித்த கைக்குத் தெரிந்தது, அந்தச் சின்னத் தோள் எவ்வளவு சூடாக இருக்கிறதென்று. உதடு வெடித்துக் கிடந்தது. "சஹருக்கு என்ன தின்ட?"

"தண்ணி."

"நேத்து?"

றுஷ்தா நிலத்தைப் பார்த்தாள். "பூனைக்குப் போட்டேன். முந்தநாளும் போட்டேன். உம்மாக்குச் சொல்லாதீங்க ராத்தா. நீங்க போடுறத நான் சொல்லல்லத்தானே?"

"நீ ஏன்டி போடோணும்? உனக்கென்ன?"

"நான் தடிப்புத்தானே."

ஈர்க்குக் குச்சி மாதிரி நின்ற பிள்ளை சொன்னது அது. ஹுஸ்னியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆர் உன்னத் தடிப்பெண்டு சொன்ன? பரீதா மாமியா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க கண்ணாடியப் பாத்து, தடிப்பு தடிப்பெண்டு அழுறீங்க. இஞ்ச பாருங்க." றுஷ்தா அக்காவின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். "என்ட கை உங்கட கைய விடப் பெரிசு. நீங்களே தடிப்பெண்டா, நான் எவ்வளவு தடிப்பு?"

இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தங்கையின் கை மெலிந்தது, பாவப்பட்ட கை, இதில் சோறு சேர வேண்டும் என்று ஹுஸ்னியாவின் கண் சொன்னது. அதற்குப் பக்கத்தில் அதைவிட மெலிந்து கிடந்த தன் கை தடிப்பு என்றும் அதே கண்தான் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண் மாறவில்லை. தன் கை தடிப்பாகத்தான் தெரிந்தது. ஐந்து மாதமாக இந்தக் கண்ணை நம்பித்தானே பட்டினி கிடந்தேன் என்று அவள் நினைத்தாள்.

குழாயைத் திறந்து கையில் தண்ணீர் ஏந்தினாள். "குடி. இப்ப குடி. நீ சின்னப்புள்ள, உனக்கு நோம்பு கடமையில்ல."

"நீங்க குடிப்பீங்களா?"

ஏந்திய தண்ணீர் ஹுஸ்னியாவின் விரலிடுக்கால் ஒழுகிப் போனது.

"நீங்க குடிச்சா நான் குடிப்பன்," என்று சொல்லிவிட்டு றுஷ்தா சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஹுஸ்னியா குசினிக்கு ஓடினாள். உண்மையைச் சொல்லத்தான் ஓடினாள். வாசலில் போனதும் பாதி உண்மைதான் வாயில் வந்தது. "உம்மா, தங்கச்சிக்கு ஏலாமக் கிடக்கு. நோம்ப முறிக்கச் சொல்லுங்க."

"புள்ள ஆசைப்பட்டுப் பிடிச்சிருக்கா. இன்னும் கொஞ்ச நேரந்தானே மகள்."

"அவள் சஹருக்குச் சாப்பிடல்ல உம்மா."

"நீயும்தான் சாப்பிடுறல்ல, நீ பிடிக்கல்லயா?" என்று சிரித்தாள் மாமி. தான் பின்னிய வலையில் தானே விழுவது என்றால் இதுதான். இனிச் சொல்ல ஒரு வார்த்தைதான் மிச்சம். அதைச் சொன்னால் நாளையிலிருந்து மூன்று வேளையும் உம்மா தட்டோடு முன்னால் இருப்பாள். பந்தலில் விழுந்த அந்தப் பொதி திரும்பி வரும். ஹுஸ்னியா வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயம் ஒரு ஆளைப் பிடித்தால் நாக்கைத்தான் முதலில் பிடிக்கும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முன் விறாந்தையில் பாய் விரித்தார்கள். றுஷ்தா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று வைத்தாள், இரண்டு வைத்தாள். மூன்றாவது தட்டோடு நின்றவள், எதையோ மறந்தவள் போலச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தட்டு ஒரு பக்கம் உருள, பிள்ளை மறுபக்கம் சரிந்தாள்.

உம்மா போட்ட சத்தத்துக்கு வட்டிலப்பச் சட்டியை விட்டுவிட்டு மாமி ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் பாதி திறந்தது. கறுப்பு விழி மேலே செருகிச் செருகி இறங்கியது. மாமி ஒரு கோப்பையில் சீனித் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். உம்மா தலையை மடியில் வைத்து வாயில் வைத்தாள். றுஷ்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் கன்னத்தால் வழிந்தது.

"குடி மகள், அல்லாஹ்வுக்காகக் குடி! இது பாவமில்ல மகள்!"

"ராத்தா..." என்றது பிள்ளை. "ராத்தா முதல்ல."

எல்லோரும் ஹுஸ்னியாவைப் பார்த்தார்கள். "குடிடி!" என்று கத்தினாள் உம்மா. "ஒரு மிடறு குடிச்சுக் காட்டன்! சுன்னத்து நோம்புதானே, முறிச்சா என்ன?"

கோப்பை ஹுஸ்னியாவின் கைக்கு வந்தது. இதைச் சொல்ல எனக்கே மனம் கூசுகிறது. தங்கை கண் செருகிக் கிடக்க, அவள் முதலில் கோப்பைக்குள்தான் பார்த்தாள். அடியில் கரையாமல் கிடந்த சீனியைப் பார்த்தாள். எவ்வளவு சீனி என்று மனம் கணக்குப் போட்டது. இவ்வளவையும் குடித்தால் நாளைக்கு இலக்கம் எங்கே போய் நிற்கும் என்று கேட்டது. கை வாய்க்கு வர மறுத்தது. அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. கதிரைப் பயமும் இல்லை, கண்ணாடிப் பயமும் இல்லை. தங்கையின் உயிருக்கு முன்னால் சீனிக்குக் கணக்குப் பார்க்கிற ஒன்று தனக்குள் இருக்கிறதே, அது யார் என்ற பயம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு. அக்காவின் தொண்டை அசைவதை றுஷ்தா பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். உம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். விழி நிலைக்கு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மாமி மூச்சு விட்டாள். "ரெண்டு பேரிட நோம்பும் முறிஞ்சு போச்சு. பரவாயில்ல, வாற திங்கக்கிழமை பிடிக்கலாம்."

"இல்ல மாமி." ஹுஸ்னியாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பிடிச்சது ஒண்டும் நோம்பில்ல. சாப்பிடாம இருக்கத்தான் பிடிச்சனான். அதப் பாத்துத்தான் இவளும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிற?" என்றாள் உம்மா. "முப்பதும் பிடிச்ச புள்ள நீ."

"முப்பதும் எப்பிடி உம்மா பிடிக்க ஏலும்?" ஹுஸ்னியா அழுதாள். "நீங்க பிடிச்சீங்களா? உங்களால ஏலுமா?"

பெற்றவளுக்கு இப்போதுதான் கணக்கு வந்து சேர்ந்தது. நோன்பு மாதம், பெருநாள் மாதம், அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒரு நாளும் தவறாமல் விரிந்து கிடந்த மகளின் முசல்லாவும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் தினமும் மகிழ்ந்திருந்தாள்.

"எப்ப நிண்டது?" என்றாள், கேட்கவே பயந்தவளாக.

"நோம்புக்கு முந்தின மாசம்."

"ஏன்டி எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க எல்லாருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டீங்க உம்மா."

உம்மா எட்டி மகளின் கையைப் பிடித்து, நீளச் சட்டையைத் தோள்வரைக்கும் தள்ளினாள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையின் கையை அவள் பார்த்து எவ்வளவு காலம்! பரீதா மாமி அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு பார்க்க முடியாமல் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அந்தப் பந்தல் அவளுக்கு நினைவிருந்ததோ இல்லையோ, அன்றைக்கு முதன்முறையாக அவளிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் போகச் சொல்லிக் கையசைத்தாள்.

"நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றாள் உம்மா. "வாப்பா வரட்டும், நான் சொல்லுறன். நீ ஒண்டும் கதைக்க வேணாம்." எழும்பிக் குசினிக்குப் போய், ஒரு தட்டில் சோறும் மீன் ஆணமும் போட்டுக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் இருந்தாள். முதல் உருண்டையை றுஷ்தாவுக்கு நீட்டினாள். அவள் வாயைத் திறக்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டை மூத்தவளிடம் திரும்பி வந்தது.

"பயமாக் கிடக்கு உம்மா," என்றாள் ஹுஸ்னியா.

"எனக்கும்தான் மகள்."

மெய்தான். ஆனாலும் சோறு வைத்திருந்த கையை அவள் கீழே இறக்கவில்லை. நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. வெயில் விறாந்தை முழுக்க நிறைந்திருந்தது. தங்கை பார்த்துக்கொண்டிருக்க, ஹுஸ்னியா வாயைத் திறந்தாள்.